ஊரைச் சுற்றிச் செல்லும் சாலை: ஊருக்கு எங்கே வழி?

பெங்களூருவிலிருந்து மைசூரு செல்லும் புதிய நெடுஞ்சாலையைப் பிரதமர் நரேந்திர மோடி 2023 மார்ச் 12-ஆம் தேதி மண்டியாவில் நாட்டுக்கு அர்ப்பணித்தார். ஐந்தாம் நாள் இரவு மழை பெய்தது. ராமநகரத்துக்கு அருகே சங்கபசவனதொட்டி என்ற இடத்தில், 8,480 கோடி ரூபாய் செலவில் அமைந்த அந்தச் சாலையில் தண்ணீர் தேங்கி வாகனங்கள் தத்தளித்தன. கர்நாடக சட்டப்பேரவைத் தேர்தலுக்கு இரண்டு மாதங்களே இருந்த நேரம் அது. கட்டுமானத் தரம் குறித்து ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சிகளும் மோதிக் கொண்டன.

அந்தச் சச்சரவில், தேசிய நெடுஞ்சாலை ஆணையம் அளித்த விளக்கம் போதிய கவனம் பெறவில்லை. மாதாபுரா கிராமத்தினரும் மற்றவர்களும் நெடுஞ்சாலையிலிருந்து தங்கள் நிலங்களுக்கும் ஊருக்கும் குறுக்கு வழியில் செல்வதற்காக, சாலையோர வடிகாலில் சுமார் 3 மீட்டர் அகலத்துக்கு மண்ணைக் கொட்டி அடைத்துத் தாங்களே பாதை அமைத்துக் கொண்டனர். அதனால்தான் தண்ணீர் வடியவில்லை என்பது ஆணையத்தின் வாதம். தண்ணீர் தேங்கியது விலங்குகள் கடப்பதற்காகக் கட்டப்பட்ட மேல்பாலத்தின் அடியில் என்பதும் அந்த விளக்கத்திலேயே இருந்தது.

ஆணையம் சொன்னதை அப்படியே உண்மை என வைத்துக் கொள்வோம். அப்படியானால் அது கிராமத்தினர் மீதான குற்றச்சாட்டு மட்டுமல்ல. திட்ட வரைபடத்தைப் பற்றிய வாக்குமூலமும்கூட. வனவிலங்கு எங்கே சாலையைக் கடக்கும் என்பது முன்கூட்டியே ஆராயப்பட்டு, அதற்கெனப் பாலமும் கட்டப்பட்டிருக்கிறது. அதில் தவறில்லை, வரவேற்க வேண்டியதுதான். அதே இடத்தில் மனிதன் தன் வயலுக்கு எப்படிப் போவான் என்ற கேள்விக்கு விடை இல்லாததால், அவன் மண்வெட்டியை எடுத்திருக்கிறான். கன்னட நாட்டில் 'தொட்டி' என முடியும் ஊர்ப்பெயர்கள் மாட்டுப்பட்டியைக் குறிப்பவை. நம்மூர் 'பட்டி'யைப் போல. ஆடுமாடுகளோடு அங்குமிங்கும் நடந்து பழகிய ஊர்கள் அவை.

நாடு முழுவதும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நெடுஞ்சாலை போடப்படுகிறது. ஊருக்கு வெளியே புறவழிச்சாலை, அதன் குறுக்கே ஆறு வந்தால் ஒரு பாலம் என்பது ஏறத்தாழ எல்லாத் திட்டங்களுக்கும் பொதுவான வாய்பாடு. அந்த வாய்பாட்டில் எது விடுபட்டுப் போகிறது என்பதை அறிய பெங்களூரு - மைசூரு சாலையைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

நெடுக்கும் குறுக்கும்

மாநில நெடுஞ்சாலை 17 என்ற பெயரில் இருந்த பழைய சாலை, 2014-ல் தேசிய நெடுஞ்சாலை 275 என அறிவிக்கப்பட்டது. விரிவாக்கப்பட்ட சாலையின் நீளம் 118 கிலோமீட்டர். இதில் 52 கிலோமீட்டர் முற்றிலும் புதிய தடம். பிடதி, ராமநகரம் - சென்னபட்டணா, மத்தூர், மண்டியா, ஸ்ரீரங்கப்பட்டணம் ஆகிய ஊர்களைச் சுற்றி ஐந்து புறவழிச்சாலைகள். மத்திய அரசு தந்த கணக்கின்படி 9 பெரிய பாலங்கள், 40 சிறு பாலங்கள், 4 ரயில்வே மேம்பாலங்கள், 89 சுரங்கப்பாதைகளும் மேற்பாதைகளும். மூன்று மணி நேரமாக இருந்த பயணம் 75 நிமிடமாகக் குறையும் என்று அறிவிக்கப்பட்டது.

இந்தச் சாலை தேவையே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ராமநகரத்திலும் சென்னபட்டணாவிலும் கடைவீதிக்குள் புகுந்து சென்ற பழைய சாலையில் லாரியும் பேருந்தும் பள்ளிச் சிறுவர்களும் ஒரே இடத்தில் நெருக்கியடித்த காலம் அந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே நினைவிருக்கும். புறவழிச்சாலை வேண்டும் என்று கேட்டவர்களில் அவர்களும் உண்டு.

ஆனால், எந்தச் சாலைக்கும் இரண்டு வகையான பயணிகள் இருக்கிறார்கள். நெடுக்காகப் போகிறவர்கள் ஒரு வகை. குறுக்காகப் போகிறவர்கள் மற்றொரு வகை. பெங்களூருவில் ஏறி மைசூருவில் இறங்குபவருக்கு எத்தனை நிமிடம் மிச்சம் என்பது விழா மேடையிலும் விளம்பரத்திலும் சொல்லப்படுகிறது. இந்தப் பக்கம் வீடும் அந்தப் பக்கம் வயலும் உள்ளவருக்கு எத்தனை நிமிடம் கூடுதலாகிறது என்ற கணக்கை அரசின் அறிவிப்புகளில் காண முடிவதில்லை. முன்பு சாலையைத் தாண்டினால் வயல். இப்போது அடுத்த சுரங்கப்பாதை வரை நடந்து, கடந்து, அதே தொலைவு திரும்பி வர வேண்டும். ஒரு கிலோமீட்டர் தள்ளிச் சுரங்கப்பாதை இருந்தால், எதிர்ப்புறம் போய்ச் சேர இரண்டு கிலோமீட்டர். தலையில் புல்லுக்கட்டோடு நடப்பவருக்கு இது சின்ன தூரமல்ல. ஆகவே அவர் வேலியை வளைத்துக் கொண்டு சாலையில் இறங்குகிறார். 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் காருக்கு அவர் எமன். அவருக்குக் கார் எமன்.

2023-ல் இந்தச் சாலையில் அடுத்தடுத்து நேர்ந்த விபத்துகள் மாநிலத்தையே உலுக்கின. காவல்துறை அதே ஆண்டு ஜூலையில் 100 கிலோமீட்டர் வேக வரம்பைக் கண்டிப்புடன் அமல்படுத்தத் தொடங்கியது. ஆகஸ்ட் 1 முதல் மோட்டார் சைக்கிள், ஆட்டோ, டிராக்டர், மாட்டுவண்டி உள்ளிட்ட மெதுவாகச் செல்லும் வாகனங்கள் பிரதான சாலையில் செல்லத் தடை விதிக்கப்பட்டது. 2002-ஆம் ஆண்டின் தேசிய நெடுஞ்சாலைகள் நிலம் மற்றும் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கான அதிகாரத்தைத் தருகிறது.

உயிரைக் காக்கும் நடவடிக்கை என்ற அளவில் அந்தத் தடை சரியானதே. வேகச் சாலையில் டிராக்டருக்கு இடமில்லை. ஆனால் மண்டியா கரும்பு மாவட்டம். 1933-ல் தொடங்கப்பட்ட மைசூர் சர்க்கரை ஆலை அந்நகரத்தில்தான் இருக்கிறது. அங்கே டிராக்டரும் மாட்டுவண்டியும் பொழுதுபோக்கு வாகனங்கள் அல்ல. தடை விதித்தவர்கள் அவர்களுக்குக் காட்டிய மாற்று வழி, சர்வீஸ் சாலை எனப்படும் அணுகு சாலை. அது பல இடங்களில் முழுமையாக இல்லை, தொடர்ச்சியாக இல்லை என்பதுதான் 2023 மார்ச் 14-ஆம் தேதி கட்டண வசூல் தொடங்கியபோதே சுங்கச்சாவடியில் போராடியவர்களின் முதல் புகாராக இருந்தது. அணுகு சாலையை முடித்துவிட்டு டிராக்டரைத் தடை செய்திருந்தால் யாருக்கும் மனக்குறை இருந்திருக்காது.

பாலம் எதற்காக?

அணுகு சாலை எங்கே அறுபடும் என்று கேட்டால், சாலைப் பொறியியலாளர்கள் தயங்காமல் சொல்வார்கள்: ஆற்றிலும் ரயில் பாதையிலும். சமதரையில் ஒரு கிலோமீட்டர் அணுகு சாலை போடுவது எளிது. ஆற்றின் மேல் அதையே போட வேண்டுமானால் பிரதான பாலத்தை ஒட்டி இன்னும் இரண்டு பாலங்கள் வேண்டும். செலவைக் குறைக்க வேண்டும் என்று உட்கார்ந்தால் முதலில் கத்தரி விழுவது அங்கேதான். விளைவு, கரைவரை வந்த அணுகு சாலை அங்கே நின்றுவிடுகிறது. உள்ளூர் வண்டி பழைய பாலத்தைத் தேடிப் போக வேண்டும்.

அந்தப் பழைய பாலத்தின் கதி என்ன? புறவழிச்சாலை வந்த பிறகு ஊருக்குள் செல்லும் பழைய தடத்தை ஒருமுறை செப்பனிட்டு மாநில அரசிடம் ஒப்படைத்துவிடுவது நடைமுறை. அதாவது கட்டணம் வரும் புதிய பாலம் மத்திய அரசுக்கு. கட்டணம் வராத, வயதான பாலத்தின் பராமரிப்பு மாநிலப் பொதுப்பணித் துறைக்கு. மழை வெள்ளத்தில் பழைய பாலம் பழுதானால், தலைக்கு மேலே ஆறுவழிப் பாலம் நிற்கும்போதே ஊர் துண்டிக்கப்படும் விநோதம் நேரக்கூடும்.

காவிரி இரண்டாகப் பிரிந்து சூழும் தீவு நகரமான ஸ்ரீரங்கப்பட்டணத்தில், திப்பு சுல்தானின் வீழ்ச்சிக்குப் பிறகு மைசூரு திவானாக இருந்த பூர்ணையாவின் மேற்பார்வையில் 1804-ல் கட்டி முடிக்கப்பட்ட வெல்லெஸ்லி பாலம் இருக்கிறது. கருங்கல் தூண்களின் மேல் கல் பாவிய பாலம். எத்தனையோ காவிரி வெள்ளங்களைப் பார்த்தது. கவர்னர் ஜெனரலின் பெயரைச் சூட்டியது அரசியல்; ஆனால் அது உதவியது கரையிலிருந்து கரைக்குப் போனவர்களுக்கு. புதிய பாலங்கள் அதைவிடப் பன்மடங்கு வலுவானவை, நீளமானவை. அவற்றில் ஏற வேண்டுமானால் நுழைவுப்பாதை எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும்.

ஆற்றைவிடச் சிக்கலானது சிறு ஓடைகளின் நிலை. அர்க்காவதி, கண்வா, சிம்ஷா ஆகியவை அனைத்தும் காவிரியில் கலப்பவை. அவற்றின் வடிநிலம் முழுவதும் சங்கிலிபோல் கோத்த ஏரிகள். மேல் ஏரி நிரம்பினால் உபரி நீர் கீழ் ஏரிக்குப் போகும். தமிழகத்தில் செங்கல்பட்டு, மதுரை, ராமநாதபுரம் மாவட்டத்து விவசாயிகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. இந்த அமைப்பின் குறுக்கே ஆறேழு அடி உயர மண்மேடு எழுப்பி நெடுஞ்சாலை போட்டால், அந்தச் சாலையே ஒரு ஏரிக்கரை ஆகிவிடுகிறது. மதகும் கலிங்கும் இல்லாத கரை. 2022 ஆகஸ்ட் இறுதியில் பெய்த பெருமழையில் ராமநகரம் மாவட்டத்தில் ஏரிகள் நிரம்பி வழிந்து, கட்டுமானம் நடந்து கொண்டிருந்த இதே சாலையில் வாகனங்கள் நீரில் சிக்கின. ஏழு மாதங்கள் கழித்து வந்த மார்ச் மழைக்கு அது போதுமான முன்னெச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

சுரங்கப்பாதையின் பிரச்னையும் தண்ணீர்தான். தரை மட்டத்தைவிடத் தாழ்வாகத் தோண்டப்படும் வழியில் மழைநீர் நிற்கும். குறுக்கே போகிறவருக்குத் தரப்பட்ட ஒரே வழியும் மழைக்காலத்தில் மூடிக் கொள்கிறது. காகிதத்தில் 89 என்று எண்ணப்பட்ட வழிகளில் மழை நாளில் எத்தனை திறந்திருக்கின்றன என்பதே ஊர்க்காரருக்கு முக்கியம்.

சட்டத்தில் உள்ள ஓட்டை

கிராமத்தினர் முன்கூட்டியே ஆட்சேபம் தெரிவித்திருக்கலாமே என்று கேட்கலாம். இங்கேதான் சட்டத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தின் 3-ஏ பிரிவின்படி நிலம் எடுக்கும் அறிவிக்கை அரசிதழில் வெளியாகிறது. அதன் சாரம் இரண்டு நாளிதழ்களிலும் வர வேண்டும். வெளியான நாளிலிருந்து 21 நாள்களுக்குள் 3-சி பிரிவின்கீழ் ஆட்சேபம் தெரிவிக்கலாம். யார் தெரிவிக்கலாம்? அந்த நிலத்தில் உரிமையோ பாத்தியதையோ உள்ளவர் மட்டுமே. ஒரு சென்ட் நிலமும் இழக்காமல், வயலுக்குச் செல்லும் வழியை மட்டும் இழப்பவர் அந்தப் பட்டியலில் எளிதில் இடம்பெற முடியாது. கிராம சபைக்கு அதில் இடமே இல்லை. நிலம் துண்டாடப்படுவதால் ஏற்படும் சேதம், வருமான இழப்பு ஆகியவற்றை இழப்பீட்டில் கணக்கிட வேண்டும் என்று 3-ஜி பிரிவு சொல்கிறது. அதுவும் நிலம் எடுக்கப்பட்டவருக்கே.

3-டி பிரிவின்கீழ் அறிவிப்பு வந்தவுடன் நிலம் எவ்வித வில்லங்கமும் இன்றி மத்திய அரசைச் சேர்ந்துவிடுகிறது. தலைமுறை தலைமுறையாக நடந்த ஒற்றையடிப் பாதையின் மீதுள்ள உரிமையும் சட்டத்தின் கண்ணில் ஒரு வில்லங்கம்தான்.

2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் இந்தக் குறையை ஓரளவு போக்கியிருக்க முடியும். நிலம் இழப்பவர் மட்டுமன்றி, அதனால் பாதிக்கப்படும் ஊர் முழுவதையும் கருத்தில் கொள்ளும் சமூகத் தாக்க மதிப்பீடும் பொது விசாரணையும் அதில் கட்டாயம். ஆனால் தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் அதன் நான்காவது அட்டவணையில் விலக்குப் பெற்ற சட்டங்களில் ஒன்று. 2015-க்குப் பிறகு இழப்பீடும் மறுவாழ்வும் மட்டும் புதிய சட்டத்தின்படி கிடைக்கின்றன. பணம் கூடியது, குரல் கூடவில்லை. நெடுஞ்சாலைக்கு நிலம் கொடுத்தவர்களுக்கு ஆறுதல் தொகையும் வட்டியும் மறுக்கக்கூடாது என 2019-ல் உச்ச நீதிமன்றம் தர்சேம் சிங் வழக்கில் தீர்ப்பளித்ததும் பணம் பற்றியதே.

எஞ்சியிருப்பது சுற்றுச்சூழல் அனுமதிக்கான பொது விசாரணை. 2013 ஆகஸ்டில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, விரிவாக்கம் 100 கிலோமீட்டரைத் தாண்ட வேண்டும். கூடுதலாக எடுக்கும் நிலத்தின் அகலம் பழைய தடத்தில் 40 மீட்டரையும் புறவழிச்சாலையில் 60 மீட்டரையும் தாண்ட வேண்டும். அப்போதுதான் அந்த அனுமதியே தேவை. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளமுள்ள விழுப்புரம் - நாகப்பட்டினம் சாலை நான்கு பகுதிகளாகப் பிரிக்கப்பட்டபோது இது வழக்கானது. அனுமதி தேவை என்றது சென்னை உயர் நீதிமன்றம். 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. அதே வேளையில், அனுமதியைத் தவிர்க்கும் உத்தியாகத் திட்டங்களைத் துண்டாக்கக் கூடாது என்று குறிப்பிட்டு, இதை ஆராய நிபுணர் குழு அமைக்கச் சொன்னது. புறவழிச்சாலை ஓடும் ஊரில் அதிகாரிகள் ஒருமுறையாவது உட்கார்ந்து கேட்டாக வேண்டும் என்ற கட்டாயம் இவ்வாறு ஒவ்வொரு கதவாகச் சாத்தப்பட்டிருக்கிறது.

கட்டணம் யாருக்கு?

கிராமத்துக்குக் கேட்க உரிமையில்லை. சுங்கக் கட்டணம் மட்டும் உண்டு. பெங்களூரு - நிடகட்டா பகுதியில் கட்டண வசூல் தொடங்கியபோது காருக்கு ஒரு வழிக்கு 135 ரூபாய். ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு அருகே கணங்கூருவில் 2023 ஜூலை 1 முதல் இரண்டாவது சாவடி திறக்கப்பட்டபோது அங்கே 155 ரூபாய். கர்நாடக அரசுப் பேருந்துக் கழகமும் இந்தச் சாலையில் செல்லும் பேருந்துகளில் பயணிகளிடம் 15 முதல் 20 ரூபாய் வரை கூடுதலாக வசூலித்தது.

2008-ஆம் ஆண்டு கட்டண விதிகளில் சுவையான ஒரு விஷயம் உண்டு. பத்துக் கோடி ரூபாய்க்கு மேல் செலவான புறவழிச்சாலைக்கு வழக்கமான கட்டணத்தைப்போல் ஒன்றரை மடங்கு வாங்கலாம். சாவடியிலிருந்து 20 கிலோமீட்டருக்குள் வசிப்பவருக்குச் சலுகை விலையில் மாதாந்திர அட்டை உண்டு. ஆனால் அவர் பயன்படுத்த அணுகு சாலையோ மாற்றுச் சாலையோ இருந்தால் அட்டை கிடையாது என்று அதே விதி சொல்கிறது. அணுகு சாலை ஆற்றங்கரையில் நின்றுவிட்டால், அது 'இருக்கிறது' என்று கொள்வதா, 'இல்லை' என்று கொள்வதா? விதியில் விடை இல்லை.

பாலங்களுக்கான கணக்கு இன்னும் விந்தையானது. பாலம், சுரங்கம், மேம்பாலம் போன்ற கட்டமைப்புகளின் நீளத்தைப் பத்தால் பெருக்கிக் கட்டணம் நிர்ணயிப்பதே நெடுநாள் வழக்கம். 2025 ஜூலையில்தான் மத்திய அரசு இதைத் திருத்தி, கட்டமைப்புகள் மிகுந்த பகுதிகளில் கட்டணம் பாதி வரை குறைய வழி செய்தது. நெடுக்காகப் போகிறவரின் குறையைத் தில்லி கேட்டுவிட்டது என்பதற்கு இது சான்று. விதிகளை மாற்ற முடியாது என்பதற்கில்லை.

வணிகத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பழைய சாலையில் சென்னபட்டணாவில் வண்டியை நிறுத்தாதவர் குறைவு. வெட்பாலை மரத்தில் கடைந்து அரக்குச் சாயம் ஏற்றிய பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. மத்தூர் வடை ரயில் பயணிகளின் காத்திருப்பில் பெயர் பெற்ற பண்டம். இரண்டுமே வழியில் நிற்பவர்களை நம்பிய தொழில்கள். புறவழிச்சாலை திறந்தபின் கடைகளில் கூட்டம் குறைந்ததாக வியாபாரிகள் முறையிட்டனர். ஜப்பானில் 1993-ல் 103 இடங்களில் தொடங்கி இன்று 1,200-ஐத் தாண்டிவிட்ட 'மிச்சி நோ எகி' என்ற சாலையோர நிலையங்களில், அந்தந்த ஊர் விளைபொருளையும் கைவினைப் பொருளையும் உள்ளூர் மக்களே விற்கிறார்கள். இங்கேயும் சாலையோர வசதி மையங்கள் உண்டு; ஏலத்தில் அதிகத் தொகை கேட்கும் பெரிய நிறுவனங்களுக்கு அவை போகின்றன.

நாடாளுமன்றத்தில் நடப்பது

2023-ல் இந்தச் சாலைக்கு யார் காரணம் என்பதில் பெரும் போட்டி இருந்தது. தேசிய நெடுஞ்சாலை என அறிவித்தது தங்கள் ஆட்சி என்றது காங்கிரஸ். பணம் ஒதுக்கிக் கட்டியது தங்கள் ஆட்சி என்றது பாரதிய ஜனதா. அன்றைய மைசூரு உறுப்பினர் பிரதாப் சிம்ஹா இச்சாலையைத் தம் சாதனையாக முன்வைத்தார். அன்றைய மண்டியா உறுப்பினர் சுமலதா அம்பரீஷ் கட்டுமானக் குறைகளைச் சுட்டிக்காட்டினார். 2024 தேர்தலுக்குப் பிறகு இருவரும் மக்களவையில் இல்லை. சென்னபட்டணா சட்டப்பேரவை உறுப்பினராக இருந்த எச்.டி. குமாரசாமி மண்டியாவிலிருந்து வென்று மத்திய அமைச்சரானார்.

சாலைப் போக்குவரத்து அமைச்சகத்திடம் உறுப்பினர்கள் வைக்கும் கோரிக்கைகளைக் கவனிப்பவர்களுக்கு ஒன்று தெரியும். புதிய சாலை வேண்டும் என்ற கோரிக்கைக்கு அடுத்தபடியாக அடிக்கடி எழுவது, 'எங்கள் ஊரில் ஒரு சுரங்கப்பாதை வேண்டும்' என்பது. பூஜ்ய நேரத்திலும் 377-ஆவது விதியின் கீழும், எந்த மாநிலம், எந்தக் கட்சி என்ற பேதமின்றி இது ஒலிக்கிறது. ஒரு நாட்டின் நாடாளுமன்றத்தில், ஒரு கிராமத்தின் குறுக்குவழிக்காக ஓர் உறுப்பினர் மன்றாட வேண்டியிருப்பது வேடிக்கைதான். வரைபடம் தயாரான கட்டத்தில் ஊராட்சித் தலைவரிடம் கேட்டிருந்தால் அரை நாளில் தெரிந்திருக்கும் விஷயம் அது.

தாமதமாகக் கேட்பதன் விலையும் அதிகம். இத்தகைய திட்டங்களில் பல, கட்டுமானக் காலத்தில் 40 சதவீதத்தை அரசும், எஞ்சிய 60 சதவீதத்தை ஒப்பந்ததாரரும் முதலில் போட்டு, பின்னர் ஆண்டுத் தவணையாக அரசிடமிருந்து திரும்பப் பெறும் முறையில் நடப்பவை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகு ஒரு நடைமேம்பாலமோ சுரங்கப்பாதையோ சேர்த்தால் அது 'வேலை வரம்பு மாற்றம்' ஆகிவிடுகிறது. தனி மதிப்பீடு, தனி ஒப்புதல், தனிச் செலவு. மண்மேடு போட்டு முடித்த பிறகு அதைத் துளைப்பது முதலிலேயே வழி விடுவதைவிட எத்தனை கடினம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. பெங்களூரு - மைசூரு சாலையிலும் நடைமேம்பாலங்கள், கூடுதல் நுழைவு - வெளியேறு வழிகள் குறித்த பேச்சு, சாலை திறக்கப்பட்டு விபத்துகள் நேர்ந்த பிறகே சூடுபிடித்தது.

செய்ய வேண்டியவை ஒன்றும் புதிரானவை அல்ல. 3-சி பிரிவில் கிராம ஊராட்சிக்கும் ஆட்சேபிக்கும் உரிமை தரும் ஒரு வரித் திருத்தம் போதும். குறுக்கு வழிகள், ஏரி வாய்க்கால்கள், கால்நடைப் பாதைகள் ஆகியவற்றின் பட்டியலை ஊர்க்கூட்டத்தில் படித்துக் காட்டி, அதன் பிறகே ஒப்பந்தப்புள்ளி கோரலாம். அணுகு சாலை, ஆற்றுப் பகுதி உட்படத் தொடர்ச்சியாக முடியும் வரை சுங்கக் கட்டணம் வசூலிக்கக் கூடாது என்று 2008 விதிகளில் சேர்க்கலாம். இதனால் திட்டங்கள் தாமதமாகும் என்று அமைச்சகம் கவலைப்படக்கூடும். சில மாதங்கள் தாமதமாகலாம்தான். திறந்த ஐந்தாம் நாள் மூழ்குவதற்கும், ஐந்தாம் மாதம் டிராக்டரைத் தடை செய்வதற்கும் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது பெரிதல்ல.

இந்தக் கவலை கர்நாடகத்தோடு நிற்கவில்லை. பெங்களூரு - சென்னை விரைவுச் சாலைக்கு 2022 மே மாதம் சென்னையில் அடிக்கல் நாட்டப்பட்டது. ஹொசகோட்டே முதல் பேத்தமங்கலம் வரையிலான கர்நாடகப் பகுதி 2024 டிசம்பரில் போக்குவரத்துக்குத் திறந்துவிடப்பட்டபோது, அக்கம்பக்கத்து ஊர்களின் மோட்டார் சைக்கிள்கள் அதில் ஏறி, விபத்துகள் நேர்ந்து, தடை விதிக்க வேண்டியதாயிற்று. அதே சாலை வேலூர், ராணிப்பேட்டை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் ஏரிகளுக்கிடையே வருகிறது. பெங்களூருவைச் சுற்றி ஏறத்தாழ 280 கிலோமீட்டர் நீளத்துக்கு அமையும் துணைநகர வட்டச் சாலையில் சுமார் 45 கிலோமீட்டர் ஒசூர் வட்டாரத்தில் ஓடுகிறது. இந்தத் தடங்களில் நில எடுப்பு அறிவிக்கைகளுக்கான 21 நாள் அவகாசம் பெரும்பாலும் கடந்துவிட்டது. ஆகவே தமிழக உறுப்பினர்கள் இனி கேட்க வேண்டியது, ஒவ்வொரு பகுதியின் வரைபடத்திலும் எத்தனை ஏரி வாய்க்கால்கள், எத்தனை ஊர்ப்பாதைகள் குறுக்கிடுகின்றன, அவற்றில் எத்தனைக்கு வழி விடப்பட்டிருக்கிறது என்ற ஒரே பட்டியலை. கட்டுமானம் நடந்து கொண்டிருக்கும் பகுதிகளில் மண்மேடு இன்னும் எழாத இடங்கள் உள்ளவரை அந்தப் பட்டியலுக்குப் பயன் உண்டு.